மோர் தெளியும் வரை பொறுங்கள்: அரமிட் படலம் வார்க்கும் முறை

வேலூர் வெயிலில் வெந்துகொண்டு நான் வார்த்த முதல் படலங்கள் எல்லாம் தென்னங்கீற்றுப் போல நீளவாக்கில் பிளந்தன. கரைசலைத் தகட்டில் பரப்பும் கத்தி இழுத்த திசையில் முரட்டு வலு. குறுக்கே நகம் பட்டாலே நார்நாராகிவிடும்.

மூலப்பொருள் ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்; குண்டு துளைக்காத உடைகளில் வரும் கெவ்லார் இழையில் இருக்கும் அதே அரமிட்தான். இரவு முழுக்க வெற்றிட அடுப்பில் உலர்த்திய 12 கிராமை 88 கிராம் கந்தக அமிலத்தில் போட்டு, 70 டிகிரியில் கலக்குங்கள். அமிலம் 99.8 சதவீதமாவது இருக்கவேண்டும். கடையில் வாங்கும் 98 வேண்டாம். புகைபோக்கிக் கூண்டும் முழு முகத்தையும் மறைக்கும் கவசமும் இல்லாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

கரைசல் மோர் போலக் கலங்கி, கலக்கும்போது பட்டு போல மினுங்கும். பயப்படவேண்டாம். கெவ்லாருக்கு வழிவகுத்த டூபாண்ட் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவாலெக் 1965இல் கண்டதும் இப்படி ஒரு கலங்கல்தான். விறைத்த மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாக ஒரே பக்கம் பார்த்து நிற்கும் திரவப் படிக நிலை அது.

குமிழிகளை வெற்றிடத்தில் நீக்கிவிட்டு, கரைசலைச் சூடான கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் கத்தியால் இழுங்கள். தகட்டோடு இடைவெளி மாறாத எஃகுக் கத்தியே என் தேர்வு. இடைவெளியை மாற்றத் திருகு வைத்த கத்தியில், அமிலம் பட்டுத் திருகு இறுகிவிடும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில். கத்தி எல்லா மூலக்கூறுகளையும் ஒரே திசைக்குச் சீவிவிடுகிறது. உடனே தண்ணீரில் போட்டால் அந்த வரிசை அப்படியே உறைந்துபோகும். பிளவு அங்கேதான் பிறக்கிறது. ஆகவே முதலில் தகட்டைச் சுமார் 90 டிகிரியில், இலேசாக ஈரமுள்ள காற்றுப் பெட்டிக்குள் வையுங்கள். சூட்டாலும், அமிலம் உறிஞ்சும் ஈரத்தாலும் வரிசை கலைந்து கலங்கல் தெளியும். ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் விடும் இரண்டு போலராய்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றின் நடுவே பாருங்கள்: பளிச்சென்று தெரிந்தது இருண்டுவிடும். அந்த நொடியில் தகட்டைப் பனிக்கட்டி போலக் குளிர்ந்த நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்குங்கள். தெளிந்ததைக் கெட்டுப்போனது என்று எண்ணி நான் கொட்டிய தகடுகளுக்குக் கணக்கில்லை.

பிறகு தண்ணீர், நீர்த்த காஸ்டிக் சோடா, மறுபடி தண்ணீர். அமிலம் மிச்சமிருந்தால் உலர்த்தும்போது படலம் கருகும். ராணிப்பேட்டைத் தோல் கூடங்களில் தோலை இழுத்து மாட்டுவதுபோல, நாற்புறமும் சட்டத்தில் பிடித்தே உலர்த்துங்கள். சும்மா விட்டால் சுருங்கி அப்பளமாகிவிடும்.

பின்சேர்க்கை: ஐப்பசி மழையில் வார்த்த ஒரு வாசகருக்குப் பெட்டிக்குள்ளேயே வெள்ளை ஆடை படிந்துவிட்டதாம். ஈரம் மிஞ்சினால் தெளிவதற்கு முன்பே பாலிமர் கரைசலிலிருந்து பிரிந்துவிடும். மழைக்காலத்தில் அறைக்காற்றை நம்பாதீர்கள். சிலிகா ஜெல் வழியே உலர்த்திய காற்றில், அளந்து ஈரம் சேருங்கள். சித்திரையில் நான் எனக்கென்று குறித்துவைத்த நேரக்கணக்கும் அப்போது உதவாது, போலராய்டு இருண்டதா என்று மட்டும் பாருங்கள்.