டிரம்மில் மருந்து அடியில் படியாமல் கலக்குவது எப்படி?

குன்னூர், கோத்தகிரி பக்கம் மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சி குளோரைடு என்ற செம்புப் பூசணக்கொல்லித் தூளை நீரில் கலந்து தெளிப்பது வழக்கம். இந்தத் தூள் நீரில் கரையாது. கலக்குவதை நிறுத்தினால் அடியில் இறங்கிவிடும். அப்போது மேலிருந்து மொள்ளும் முதல் குடத்தில் மருந்து குறைவாகவும் கடைசிக் குடத்தில் குழம்பாகவும் வரும்.

முதலில் டிரம். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் உள்விட்டம் சுமார் 57 செ.மீ. நீரின் உயரமும் அதே அளவு இருந்தால் கலக்க எளிது. ஏறத்தாழ 145 லிட்டர் பிடிக்கும். மோட்டார் சுழற்றும் துடுப்பின் விட்டம் 20 செ.மீ. போதும். அதன் தகடுகளை 45 பாகை சாய்த்து, நீரைக் கீழ்நோக்கித் தள்ளும்படி பொருத்துங்கள். துடுப்புக்கும் அடிக்கும் இடையே 14 செ.மீ. விடுங்கள்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் வேலை: தடுப்புப் பட்டைகள். 6 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகளை, சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு, செங்குத்தாகப் பொருத்த வேண்டும். இவை இல்லாவிட்டால் நீர் மொத்தமாகச் சுழலும், நடுவில் பள்ளம் விழும், தூள் அடியின் நடுவே குவியும். மோட்டாரின் வேகத்தை ஏற்றினால் பள்ளம்தான் ஆழமாகும். பட்டைகள் சுழலை உடைத்து நீரை மேலும் கீழும் ஓட வைக்கின்றன. தூளை அடியிலிருந்து தூக்குவது அந்த ஓட்டமே.

கையுறை, முகக்கவசம் அணிந்து, தூளைச் சிறிது நீரில் கட்டியில்லாமல் குழையுங்கள். இதில் அவசரம் கூடாது. துகளின் பருமன் இரட்டித்தால் அதைத் தூக்கச் சுமார் 15 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும் என்கிறது கணக்கு. கட்டி என்பதோ துகளைப்போலப் பல மடங்கு பெரியது. பாதி நீரில் துடுப்பை ஓடவிட்டு, குழைத்ததை ஊற்றி, மீதி நீரை நிரப்புங்கள்.

வேகம் எவ்வளவு? நீரில் துகள்களைக் கலக்குவதை ஆராய்ந்த ஸ்வீட்டரிங் 1958இல் சொன்ன அளவுகோல் இன்றும் போதும்: எந்தத் துகளும் ஓரிரு நொடிக்கு மேல் அடியில் தங்கக் கூடாது. நீளக் கழியால் அடியைத் தடவிப் பாருங்கள். சேறுபோல் வழுக்கினால் வேகம் போதாது. அடி சுத்தமான பிறகு இன்னும் வேகம் ஏற்றுவது மின்சாரத்துக்குக் கேடு.

தெளித்து முடியும்வரை மோட்டார் ஓடட்டும். நீர்மட்டம் துடுப்பை நெருங்கும்போது நிறுத்திவிட்டு, மீதியைக் கழியால் கலக்கியபடியே மொள்ளுங்கள். டிரம் கழுவிய நீரைத் தெளித்த செடிகளுக்கே விடுங்கள். ஓடையில் ஊற்றவே கூடாது. செம்பு மீனுக்கு நஞ்சு.