பெயரின் ஈற்றில் நிற்கும் 'பிள்ளை': வேரைத் தேடும் வழி

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் வேரைத் தேடப் புறப்படுபவர், வேலுப்பிள்ளை, கணபதிப்பிள்ளை என்ற பெயர்களைக் கண்டவுடன் 'பிள்ளை' என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அது சில சமூகத்தார் தம் பெயருக்குப் பின் தனிச்சொல்லாக எழுதும் பட்டம். நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரில் அவ்வாறே நிற்கிறது. தென்னாபிரிக்காவிலும் மொரிசியஸிலும் அது தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயராகிவிட்டது. நம் ஊரிலோ பெரும்பாலும் இயற்பெயரோடு ஒட்டிய உறுப்பாகவே வழங்கியது. வேலுப்பிள்ளையின் மகன் கந்தையாவாகவும், கந்தையாவின் மகன் மீண்டும் கணபதிப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆகவே முதலில் தலைப்பெழுத்துகளை விரித்துப் பாருங்கள். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரில் 'சி' என்பது அவர் பிறந்த சிறுப்பிட்டி, 'வை' என்பது தந்தையார் வைரவநாதர். ஊரும் தந்தையும் தெரிந்தாற் பாதி வழி கடந்தாயிற்று.

அடுத்து, பெயருக்குரியவர் ஆணா பெண்ணா என்பதை உறுதிப்படுத்துங்கள். தெய்வானைப்பிள்ளை, வள்ளிப்பிள்ளை, அன்னப்பிள்ளை என்போர் நம் பாட்டிமார். இன்றும் "பிள்ளை, இஞ்சை வா" என்று மகளை அழைக்கும் வாஞ்சைதான் அந்தப் பெயர்களிலும் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பமானால் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் தடத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும்: சந்தியாப்பிள்ளை என்பதில் இருப்பது சந்தியாகு, அதாவது யாகப்பர் என்னும் புனிதரின் போர்த்துக்கேயப் பெயர். அத்தகையோருக்குப் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடே முதற் சான்று.

எனினும் வீட்டுக் காணி உறுதியைப் (நில உரிமைப் பத்திரத்தை) போல விரிவாகப் பேசும் ஆவணம் வேறில்லை. எங்கள் அம்மம்மாவின் தகரப் பெட்டியிலிருந்த உறுதியில், வடக்கெல்லைக் காணி ஒரு தெய்வானைப்பிள்ளைக்கு உரியதென்று எழுதியிருந்தது; அயலவர் என்றே பல காலம் நினைத்திருந்தோம். அவருடைய உறுதியைப் பார்த்தபோதுதான், அது தந்தை வழங்கிய சீதனக் காணி என்பதும், அவர் எங்கள் பூட்டியின் தமக்கை என்பதும் தெரிந்தன. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி காணி முதுசமாகவோ (முன்னோர் வழிச் சொத்து), சீதனமாகவோ, தேடியதேட்டமாகவோ (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) வருவதால், உரிமை எவ்வழி வந்தது என்ற அந்த ஒரு வரியையும் நான்கு எல்லைகளையும் விடாமற் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிக்கப்பட்ட காணிகளின் எல்லைகளிற் சகோதரர்களே அடுத்தடுத்து நிற்பது வழக்கம்.

இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை நாளில் வெளியிடும் 'கல்வெட்டு' என்னும் நினைவு நூல்களையும் சேகரியுங்கள். அவற்றின் வம்சாவளிப் பகுதி, பிறப்புச் சான்றிதழ் எட்டாத தலைமுறைகளுக்கும் அழைத்துச் செல்லும். ஆங்கில ஆவணங்களில் ஒருவருடைய பெயரே பல எழுத்துக்கூட்டல்களில் வரும். 'புல்லே' என்று ஒலிக்கும் பழைய வடிவமும் உண்டு. ஆகையால் எழுத்து மாறுகிறதென்று ஓர் ஆளை இருவராக்கிவிட வேண்டாம். ஈற்றுச் சொல்லை மட்டும் வைத்துக் குலத்தைத் தீர்மானிப்பதும் பிழை.

கனடாவிலோ இலண்டனிலோ வாழும் பேரப்பிள்ளைகளுக்கு வேலுப்பிள்ளை என்பது இன்று கடைசிப் பெயராக நிலைத்திருக்கலாம்; அது ஒருகாலத்தில் ஒரு தனி மனிதரின் இயற்பெயராக இருந்தது. எனவே வம்ச வரைபடத்தில் ஒவ்வொருவருக்கும் இயற்பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஊர் என நான்கு கூடுகள் வையுங்கள். குடும்பப் பெயருக்கான கூட்டை, அது உண்மையில் எந்தத் தலைமுறையில் தொடங்கியதோ அங்கிருந்து மட்டும் நிரப்புங்கள்.