கீமோ முடிந்தது, குழந்தை எப்போது?

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ முடிந்து எட்டு மாதம் பீரியட்ஸ் வரவில்லை. சரி, இனி கருத்தடை எதற்கு என்று விட்டுவிட்டேன், சிகிச்சை எடுத்த இடத்திலும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் குமட்டல். டெஸ்ட் கார்டில் ஒற்றைக் கோடுதான் என்று உறுதியாகும் வரை பாத்ரூமை விட்டு நான் வெளியே வரவேயில்லை, ஏனென்றால் அப்போது தினமும் தமோக்சிஃபென் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நோய் திரும்பாமல் இருக்க ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை, கருவைப் பாதிக்கக்கூடியது.

ஆகவே முதல் வேலை கருத்தடை. பீரியட்ஸ் நின்றிருந்தாலும் கரு தங்கலாம். பீரியட்ஸ் திரும்ப வந்துவிட்டது என்பதால் கருமுட்டை இருப்பு பழையபடி ஆகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் கலந்த மாத்திரை, ஊசி எல்லாம் பொதுவாக வேண்டாம் என்பார்கள். காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். இல்லையென்றால் ஆணுறை.

குழந்தை வேண்டும் என்றால் தமோக்சிஃபெனை நீங்களாக நிறுத்தாதீர்கள். 2023-இல் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வில், 18 முதல் 30 மாதம் வரை இப்படி ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சை எடுத்த 500-க்கும் மேற்பட்ட பெண்கள் கர்ப்பத்துக்காக 2 வருடம் வரை இடைவெளி விட்டார்கள். சுமார் 3 வருடக் கண்காணிப்பில் அதனால் நோய் திரும்புவது கூடியதாகத் தெரியவில்லை. கர்ப்பமானால் நோய் திரும்பிவிடும் என்று பயமுறுத்தும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம், கேட்பார்களா என்பது வேறு விஷயம். உங்கள் கட்டியின் வகை, நிலை பார்த்து புற்றுநோய் டாக்டர்தான் நாள் குறிக்க வேண்டும். தமோக்சிஃபெனை நிறுத்திக் குறைந்தது 3 மாதம் (சில நாடுகளின் மருந்துக் குறிப்பு 9 மாதம் என்கிறது), டிராஸ்டுசுமாப் (HER2 வகைக் கட்டிக்கான மருந்து) ஊசி போட்டிருந்தால் கடைசி ஊசியிலிருந்து 7 மாதம் கழித்துத்தான் முயற்சி.

அந்த இடைவெளியில் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எண் குறைவாக வந்தால் உடைந்துபோக வேண்டாம், அது முட்டை இருப்பைக் காட்டுமே தவிர இயல்பாகக் கரு தங்குமா என்பதைச் சொல்லாது. கீமோவில் அந்தச் சிவப்பு மருந்து (டாக்சோரூபிசின்) ஏறியிருந்தால் எக்கோ எடுத்து இதயத்தையும் பார்த்துவிடுங்கள். கருத்தரிப்பு டாக்டரைப் பார்க்க ஒரு வருடம் காத்திருக்காதீர்கள், முயற்சி தொடங்கும்போதே போங்கள். கீமோவுக்கு முன்பே முட்டை உறைய வைத்திருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுங்கள், வருடக் கட்டணம் பாக்கி இருக்கலாம்.

தாய்ப்பாலா? அறுவை சிகிச்சை செய்யாத பக்கம் மட்டும் கொடுத்தாலே பல குழந்தைகளுக்குப் போதும். ஆனால் தமோக்சிஃபெனை மறுபடி தொடங்கும்போது பாலை நிறுத்தியாக வேண்டும், எத்தனை மாதம் கொடுக்கலாம் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி வையுங்கள்.