க்ரீம் தடவியும் ஊசி வலித்தது ஏன்?

நாலு வயது மகளுக்கு ஊசி என்றாலே அலறல். போன தடவை படுக்க வைத்து இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தோம், அது இன்னும் மோசமானது. 'வலிக்கவே வலிக்காது' என்று சொன்னதும் தப்பு, குத்தியதும் என்னை நம்புவதையே விட்டுவிட்டாள். முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்தும் பார்த்தேன், குத்தும் வலிக்கு அது உதவாதாம்.

அப்புறம் டாக்டரிடம் கேட்டு தோலை மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன்-பிரிலோகெய்ன் க்ரீம் வாங்கினேன். முதல் தடவை அதுவும் வேலை செய்யவில்லை. காரணம் சப்பையானது: கிளம்பும் அவசரத்தில் 15 நிமிடம் முன்னால்தான் தடவினேன், அதுவும் தொடையில். நர்ஸ் போட்டது கையில்!

இந்த முறை எந்தக் கை என்று முன்பே கேட்டு, சரியாக 60 நிமிடம் முன்னால், தேய்க்காமல் கெட்டியாக வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டினேன். மடியில் நிமிர்ந்து உட்கார வைத்து சோப்புக் குமிழி ஊதச் சொன்னேன், நீளமாக ஊதும்போது தோள் தானாகத் தளர்ந்துவிடுகிறது. இரண்டு ஊசியில் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடச் சொன்னேன்.

அழுதாள்தான், ஆனால் பிளாஸ்டிக்கைப் பிய்த்தபோது. அடுத்த தடவை ஓரத்தை ஈரப்படுத்தி எடுக்க வேண்டும்.