வழிகாட்டியோடு ஒன்பது நாள் இலங்கை: முதல் பயணத்துக்கு ஒரு செய்முறை

வரைபடத்தில் இலங்கை சின்னதாகத் தெரியும். பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை 430 கிலோமீட்டர் சொச்சம்தான். அதைப் பார்த்துவிட்டு "ஐந்து நாளில் முழுசும் முடித்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் பாதி நாளை வண்டி இருக்கையிலேயே கழிப்பார்கள். சமவெளிச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர், மலைப்பாதையில் 25 முதல் 30. இதுதான் உண்மையான வேகம். அதனால் கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் திட்டம் போடுங்கள்.

இன்னொன்று வெயில். காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை திறந்த வெளியில் எதையும் ரசிக்க முடியாது. காலையில் ஏறுவது, நடுப்பகலில் வண்டியில் இருப்பது, மாலையில் நடப்பது என்ற வரிசையில்தான் கீழே உள்ள திட்டம் முழுவதும் அமைந்திருக்கிறது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை காலி, கொழும்பு, மலையகப் பக்கம் கொட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை கிழக்கிலும் வடக்கிலும் பெய்யும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை எங்கும் வரலாம். இங்கே சொல்லும் பாதை சீகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி வழியாகப் போவதால் ஜனவரி முதல் மார்ச் வரை சிறந்தது. ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை என்றால் கடைசி இரண்டு நாளைக் காலிக்குப் பதில் திருகோணமலைக்கோ பாசிக்குடாவுக்கோ மாற்றுங்கள். அப்போது கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

தேதி முடிவாகும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஏப்ரல் நடுவில் வரும் தமிழ், சிங்களப் புத்தாண்டில் கடைகள் மூடும், ஓட்டுநர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் கண்டிப் பெரஹரா ஊர்வலம் நடக்கும் நாட்களில் அங்கே அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை பல மடங்கு. மூன்றாவது, ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது, விகாரைகளில் கூட்டம் நெரியும்.

படி 2: வண்டியும் வழிகாட்டியும்

இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஓட்டுநரே வழிகாட்டியாக வரும் ஏற்பாடு போதும். அங்கே இவரை 'சோஃபர் கைடு' என்பார்கள். ஏழெட்டுப் பேருக்கு மேல் போனால் ஓட்டுநர் தனி, தேசிய வழிகாட்டி தனி என்று கேளுங்கள். வண்டியை விட்டு இறங்க முடியாத ஒருவர் எட்டுப் பேரைச் சமாளிக்க முடியாது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் தருகிறது. அந்த அடையாள அட்டையின் படத்தை முன்பணம் கட்டுவதற்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். உரிமம் இல்லாத வெறும் ஓட்டுநர் என்றால் தொல்லியல் தளங்களுக்குள் வந்து விளக்கம் சொல்ல முடியாது. வாசலில் தளவழிகாட்டி ஒருவரைத் தனியாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் முதல் தொடர்பிலேயே சொல்லி, ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசிப் பாருங்கள். 'கொஞ்சம் தமிழ் தெரியும்' என்பதற்கும் பொலன்னறுவையின் வரலாற்றைத் தமிழில் விளக்குவதற்கும் நிறைய தூரம்.

வேனில் ஒன்பது இருக்கை என்று விளம்பரம் செய்வார்கள். பெட்டிகள் ஏறியபின் ஆறு பேர்தான் சௌகரியமாக உட்காரலாம்.

படி 3: விலைப்பட்டியலைப் படிப்பது

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் மலிவானதாகத் தெரிவது கடைசியில் அதிகமாகிவிடும். எரிபொருள், வண்டி நிறுத்தக் கட்டணம், அதிவேகச் சாலைக் கட்டணம், ஓட்டுநரின் பேட்டா, அவர் தங்கும் செலவு, நுழைவுச்சீட்டுகள், ஜீப், ரயில் இருக்கை, காலை உணவு, இரவு உணவு ஆகியவற்றில் எது சேர்ந்திருக்கிறது, எது இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுநர் தங்குமிடம் சின்ன விஷயமாகத் தோன்றும். பெரிய ஹோட்டல்களில் ஓட்டுநர்களுக்குத் தனி அறைகள் உண்டு, சிறு விடுதிகளில் பெரும்பாலும் இருக்காது. நீங்களே விடுதி பதிவு செய்கிறீர்கள் என்றால் இதைக் கேட்காமல் விடாதீர்கள். வண்டியில் படுத்துத் தூங்கிய ஓட்டுநர் மறுநாள் மலைவளைவில் ஓட்டக்கூடாது.

கிலோமீட்டர் வரம்பும் இருக்கும். இந்தப் பாதை ஏறக்குறைய 850 முதல் 900 கிலோமீட்டர் வரும். 1,000 கிலோமீட்டர் வரை கூடுதல் கட்டணம் இல்லாமல் பேசி முடியுங்கள்.

தொல்லியல் தளங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு நுழைவுச்சீட்டு பாதி விலை. கடவுச்சீட்டைக் காட்டினால்தான் தருவார்கள். அது ஹோட்டல் பெட்டகத்தில் தூங்கினால் முழு விலைதான். முகவர் 'நுழைவுச்சீட்டு உட்பட' என்று சொன்னால் எந்த விலையில் கணக்குப் போட்டார் என்று கேளுங்கள்.

விசாவுக்கு அரசின் இணையதளம் வழியாக மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு. விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒருமுறை சரிபாருங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் இருக்க வேண்டும்.

படி 4: நாள்வாரித் திட்டம்

நாள் 1. கட்டுநாயக்க விமான நிலையத்தில் காலையில் இறங்கினால் நேரே சீகிரியா அல்லது ஹபரணை. நான்கு மணி நேரம் ஆகும். மதியம் இரண்டுக்கு மேல் இறங்கினால் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் தங்கிவிட்டு விடியலில் கிளம்புங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போவது அலுப்பு, சில பகுதிகளில் யானையும் குறுக்கே வரும். சிம் அட்டையும் கொஞ்சம் இலங்கை ரூபாயும் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

நாள் 2. சீகிரியா. கேட் திறக்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். 5-ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் தலைநகராக்கிய பாறை இது. ஏறக்குறைய 1,200 படிகள், ஏறி இறங்க இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நீர்த்தோட்டங்களைப் போகும்போது பார்க்காதீர்கள், திரும்பும்போது பாருங்கள். போகும்போது அங்கே செலவழிக்கும் அரை மணி நேரத்தில் சுழல் படிக்கட்டில் வரிசை சேர்ந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே கடை கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் சிங்கப்பாத மேடை வரை வந்து நிறுத்திக்கொள்ளலாம். அங்கிருந்து மேலே போவது இரும்புப் படிகள், பாதியில் திரும்ப நினைத்தால் பின்னால் வருகிற வரிசை விடாது. பாறையில் குளவிக்கூடுகள் உண்டு. அமைதி காக்கச் சொல்லும் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. கூச்சலில் குளவி கலைந்தால் ஓட இடம் கிடையாது. படியில் கை கொடுத்து ஏற்றிவிட வருகிறவர்கள் இறங்கியதும் பணம் கேட்பார்கள், தேவையில்லை என்றால் முதல் படியிலேயே சொல்லிவிடுங்கள். இறங்கும் பாதை வேறு பக்கமாக வெளியேறும் என்பதால், வண்டி எங்கே நிற்கும் என்று ஓட்டுநரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் ஓய்வு. நான்கு மணிக்குத் தம்புள்ளைக் குகைக்கோயில். ஐந்து குகைகள், உள்ளே மெல்லிய வெளிச்சம். காலணியை வெளியே விட வேண்டும். சூடான பாறையில் நடக்கப் பழைய காலுறை ஒரு ஜோடி பையில் இருந்தால் புண்ணியம்.

நாள் 3. பொலன்னறுவை, காலை எட்டுக்குள். தளம் பெரியது, ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வண்டியில் போகலாம், வாடகை சைக்கிளும் கிடைக்கும். பெரும்பாலான வழிகாட்டிகள் கல்விகாரையின் படுத்த புத்தரோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் இரண்டாம் சிவதேவாலயத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டில் சோழர்கள் இந்த நகரை ஜனநாதமங்கலம் என்ற பெயரில் ஆண்டபோது எழுப்பிய முழுக் கற்கோயில் அது. அடதாகே என்ற இடிந்த பழைய ஆலயத்தின் அருகில் வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினரின் கல்வெட்டும் நிற்கிறது. இன்றைய எழுத்து மட்டும் தெரிந்தவர்களுக்கு ஆங்காங்கே சில எழுத்துகள்தான் பிடிபடும், ஆனாலும் நின்று எழுத்துக் கூட்டிப் பார்க்காமல் வர மனம் வராது. ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் அன்று மாலை மின்னேரியா தேசியப் பூங்காவில் ஜீப் எடுங்கள். குளம் வற்றும் அந்த மாதங்களில் யானைகள் கூட்டம் கூட்டமாகப் புல்வெளிக்கு வரும். மற்ற மாதங்களில் வேண்டாம், ஏழாம் நாள் வரும் உடவளவைப் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜீப் பயணம் வீண்செலவு.

நாள் 4. கண்டி, மாத்தளை வழியாக. முத்துமாரியம்மன் கோயில் பாதையிலேயே இருக்கிறது. வாசனைத்தோட்டங்களும் இந்தப் பாதையில்தான். ஏலக்காய்ச் செடியையும் மிளகுக் கொடியையும் சுற்றிக்காட்டி, முடிவில் எண்ணெய்ப் புட்டியை விலை சொல்வார்கள். அங்கே நீங்கள் வாங்கும் பொருளில் வழிகாட்டிக்குத் தரகு உண்டு. ரத்தினக் கடை, பாட்டிக் துணிக் கடை, மரச்சிற்பக் கடை எல்லாம் அதே கதைதான். 'கடைகளில் நிறுத்த வேண்டாம், எங்களுக்கு நேரம் முக்கியம்' என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை.

புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகையில் மாலைப் பூசை 6.30 மணிக்கு. 5.45-க்கு உள்ளே இருந்தால்தான் மேல்மாடி வரிசையில் இடம் கிடைக்கும். புனிதப் பல்லை நேரில் காண முடியாது, அதை வைத்திருக்கும் பொன் பேழையைத்தான் சில நொடிகள் பார்ப்பீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். எந்த விகாரையிலும் புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அதைப் பெரிய அவமரியாதையாகப் பார்க்கிறார்கள், காவலரிடம் போகிற அளவுக்கு.

நாள் 5. காலையில் பேராதனைத் தாவரவியல் பூங்கா, பிறகு நுவரெலியா. மூன்று மணி நேரமும் வளைவுகள்தான். குமட்டல் வருகிறவர்கள் முன்னிருக்கையில் உட்காருங்கள், மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போடுங்கள், வளைவு தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. வழியில் றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலும் தேயிலைத் தொழிற்சாலைகளும் வரும். ஞாயிறு, போயா நாட்களில் இயந்திரங்கள் ஓடாமல் இருக்கலாம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள், வழிகாட்டி இல்லாமலே பேசலாம். படம் எடுக்கும்முன் அனுமதி கேளுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இரவில் குளிரும், கம்பளிச் சட்டை தேவை.

நாள் 6. நுவரெலியாவுக்குப் பக்கத்து நிலையமான நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயில். முன்பதிவு 30 நாள் முன்பு திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அன்றைக்கு நிலையத்தில் முன்பதிவில்லாத சீட்டு வாங்கி ஏறலாம், நின்றுகொண்டு போக நேரலாம். குளிரூட்டிய முதல் வகுப்பில் ஜன்னல் திறக்காது, படம் எடுக்க இரண்டாம் வகுப்பே நல்லது. பெட்டிகளை ரயிலில் ஏற்றாதீர்கள். ஓட்டுநர் அவற்றைச் சாலை வழியாக எல்லவுக்குக் கொண்டுவந்து காத்திருப்பார், கையில் சின்னப் பை போதும். பட்டிப்பொலவைத் தாண்டியதும் வரும் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்று இருப்பது சாதாரணம். அதற்குப் பிறகு ஹப்புத்தளை வரைதான் காட்சிகளின் உச்சம், அந்த நேரத்தில் தூங்கிவிடாதீர்கள். கதவில் தொங்கிப் படம் எடுத்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. ரயில் தாமதம் சகஜம் என்பதால் அன்று பிற்பகலுக்கு வேறு பதிவு எதுவும் வைக்காதீர்கள். கனமழையில் மண் சரிந்து பாதை மூடும். முதல் நாள் மாலையே ரயில் ஓடுகிறதா என்று வழிகாட்டியை விசாரிக்கச் சொல்லி, ஓடாவிட்டால் அதே தூரத்தை வண்டியில் போய்விடுங்கள்.

நாள் 7. விடியலில் எல்லவுக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவு ரயில் பாலம். 1921-இல் கட்டி முடித்தது. பிறகு உடவளவைக்கு இறங்குங்கள், இரண்டரை மணி நேரம். ஜீப் பிற்பகல் இரண்டரைக்கு. விலை கேட்கும்போது ஜீப் வாடகை, பூங்காக் கட்டணம், வரி மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஜீப்காரர் சொல்லும் குறைந்த தொகை வாடகை மட்டுமாக இருக்கும். புழுதிக்கு முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுத்தைக்காக யால தேசியப் பூங்காவுக்குப் போகச் சிலர் வற்புறுத்துவார்கள். அங்கே சிறுத்தை தெரிந்தால் இருபது ஜீப் முண்டியடிக்கும், தெரியாமலும் போகலாம். உடவளவையில் யானை எல்லா மாதமும் உண்டு. முதல் பயணத்துக்கு அதுவே சரி.

நாள் 8. காலி, மூன்று மணி நேரம். கோட்டை மதிலில் மாலை ஐந்துக்கு மேல் நடங்கள்.

நாள் 9. காலியிலிருந்து அதிவேகச் சாலையில் விமான நிலையம் இரண்டரை மணி நேரம். விமான நேரத்துக்கு ஆறரை மணி முன்பு கிளம்பினால் பதற்றம் இல்லை.

ஏழு நாள்தான் இருக்கிறது என்றால் பொலன்னறுவையையும் உடவளவையையும் எடுத்துவிடுங்கள். எல்லா இடத்தையும் வைத்துக்கொண்டு இரவுகளைக் குறைக்காதீர்கள். தினமும் விடியலில் பெட்டி கட்டினால் நான்காம் நாளே குழந்தைகளும் பெரியவர்களும் சோர்ந்துவிடுவார்கள்.

படி 5: சாப்பாடும் மற்றவையும்

சைவர்கள் கவனிக்க வேண்டியது மாசி. தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாட்டைத் தூவியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் சில கடைகளில் இறைச்சி இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 'மாசியும் மீனும் போடாதது' என்று வழிகாட்டியையே சிங்களத்தில் சொல்லச் சொல்லுங்கள். சோறும் கறியும் மதியத்தில் புதிதாக இருக்கும், இரவுக்கு ஆப்பம், இடியப்பம், கொத்து ரொட்டி.

ட்ரோன் கொண்டுபோக முன் அனுமதி தேவை, இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிறு விடுதிகளிலும் ஜீப்காரர்களிடமும் அட்டை செல்லாது. ரொக்கத்தை நுவரெலியாவிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குத் தர நினைக்கும் அன்பளிப்பைக் காலியிலேயே உறையில் போட்டுவிடுங்கள். விமான நிலைய வாசலில் வண்டியை அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள், பெட்டி இறக்கும் அவசரத்தில் பர்ஸைத் தேட நேரமிருக்காது.