குரல்நாண் தெரிகிறது, குழாய் ஏன் போகவில்லை?

"மேடம், குரல்நாண் சூப்பரா தெரியுது!" மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாயை நுழைக்க, தொண்டையைத் திரையில் காட்டும் கேமரா கருவியான வீடியோ லாரிங்கோஸ்கோப்பை முதன்முதலில் பிடிக்கும் பயிற்சி மருத்துவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். அடுத்த அரை நிமிடம் குழாய் உள்ளே போகாமல் தவிப்பார்கள்.

1943-இல் வந்த, நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் கேமரா இல்லாத மேக்கின்டாஷ் பிளேடில் கண் போகும் நேர்வழியிலேயே குழாயும் போகும். அதிகம் வளைந்த வீடியோ பிளேடில் அப்படியில்லை. கேமரா தெருமுக்கைத் தாண்டி நிற்கிறது, குழாய் முக்கிலேயே முட்டுகிறது. அதனால் ஸ்டைலெட் (குழாய்க்குள் செருகும் வளையக்கூடிய கம்பி) இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். அதைப் பிளேடின் வளைவுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளுங்கள். குழாயின் நுனி குரல்நாணைத் தாண்டியதும் ஸ்டைலெட்டைச் சற்றுப் பின்னிழுத்தபடி குழாயை மட்டும் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் இடிக்கும்.

திரை முழுக்கக் குரல்நாண் தெரியும்படி நெருங்குவதும் தவறுதான். குழாய் வர இடமே இருக்காது. பிளேடைக் கொஞ்சம் பின்வாங்கி, குரல்நாண் திரையின் மேல்பாதியில் இருக்கும்படி வையுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. குழாய் வாய்க்குள் நுழையும்போதே கண் திரையில் இருப்பது. நுனி கேமராவுக்கு எட்டும் வரை திரையில் எதுவுமே தெரியாது. அந்த இடைவெளியில்தான் மென்னண்ணத்திலோ (மேல்வாயின் மென்மையான பின்பகுதி) டான்சில் ஓரத்திலோ குழாய் குத்திக்கொண்டு போகிறது. பிளேடு நுழையும்போது வாயைப் பாருங்கள், பிறகு திரை. குழாய் நுழையும்போது மறுபடி வாய், அப்புறம்தான் திரை.

சரி, பழைய முறையே மேல் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் இதயம், நெஞ்சு, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைகளில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், ஒரு முறைக்கு மேல் முயல வேண்டியிருந்தது வீடியோவில் 1.7 சதவீதம், வாய் வழியே கண்ணால் நேராகப் பார்க்கும் நேரடி முறையில் 7.6 சதவீதம். மொத்தம் 8,429 அறுவை சிகிச்சைகள். இந்த வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ரத்தமோ வாந்தியோ கேமராவை மூடினால் திரை உதவாது. ஆகவே நேரடி முறையைக் கைவிடாதீர்கள். மேக்கின்டாஷ் வடிவ வீடியோ பிளேடு இதற்கு நல்லது. கற்பவர் வாய் வழியே நேராகப் பார்க்கலாம், கற்றுத்தருபவர் திரையில் பார்த்துத் திருத்தலாம்.

குழாய் குரல்நாணுக்கு நடுவே போவதைத் திரையில் பார்த்த பிறகும், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளந்து காட்டும் கேப்னோகிராஃபைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு அலை தொடர்ந்து ஏழு மூச்சுக்காவது வர வேண்டும். வராவிட்டால், கண்ணால் பார்த்தேன் என்று வாதாடாமல் குழாயை வெளியே எடுத்துவிட்டு மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுங்கள்.