குரங்கணிக்குப் போகுமுன் பெயரைச் சரிபாருங்கள்

தேனி மாவட்டத்துக் குரங்கணி மலை ஏற டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் காலம். மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சை. மார்ச் விடுமுறைக்குத் திட்டம் போடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல்லில் பரவிய தீ, ஏறப்போன 23 பேரைக் கொன்றது இந்த மலையில்தான். இப்போது அனுமதி வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதை இருக்கிறது, வழிகாட்டியும் கூடவே வருவார். மலையைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

ஏறும் தேதியைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.

"வர்றதுதான் வர்ற, வீட்டுல உன் பங்கை விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரம் ஒண்ணு போட்டுக் குடுத்துருப்பா. அரை நாள் வேலை" என்றார் சித்தப்பா. அந்த அரை நாள் ஒன்பது நாளானது.

கனடா பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராக ஒட்டியிருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் அவர் வெறும் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள் அலுவலகத்தில். அதற்கு மனு, மனுவுக்குப் பள்ளிச் சான்றிதழ் நகல், நகலுக்கு ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போடுகிறவர் 'ஃபீல்டில்' இருந்தார். அதற்குள் பொங்கல் வந்து நான்கு நாள் எல்லாம் பூட்டு. அந்தக் காலத்தில் இந்த மலைக்கு மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டே அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கினவாம். என் ஃபைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக இரண்டு நாள். நான் மலையேறப் பதிவு செய்திருந்த காலை, அலுவலக வராந்தாவில் டோக்கன் 31-ஐக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் மலை தெரிந்தது.

பெஞ்சின் மறுமுனையில் சித்தப்பா, மூலப்பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்து மடியில் அணைத்தபடி. கோபத்தை அவர்மேல் காட்டவும் முடியவில்லை. 2021-இல் விமானம் கிடைக்காமல் நான் ஃபோனில் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். வீட்டுக்கு ஓடு மாற்றியதும் அவர்தான். அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை, சொல்லியிருக்கலாம்.

ஆகவே, இந்த மாதிரி வேலை இருந்தால் வெளிநாட்டில் இருக்கும்போதே இந்தியத் தூதரகத்தில், உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள். அந்தப் பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நேரில்தான் வருவேன் என்றால் பழைய பள்ளிச் சான்றிதழின் அசல் கையில் இருக்கட்டும். பொங்கல் வாரத்தைத் தொடாதீர்கள்.

கிளம்பும் நாள் சித்தி அரைக்கிலோ ஏலக்காயைப் பெட்டிக்குள் திணித்தார். மலையேறித் திரும்புகிறவர்கள் பூட்ஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு விமானம் ஏறுங்கள், காலணியில் மண் இருக்கிறதா என்று டொராண்டோவில் கேட்பார்கள். என்னுடையதில் விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.